மாடித் தோட்டம் மக்கர் செய்கிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

2023 ஜூலையில் சென்னையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டிப் போனது. ரேஷன் கடைகளிலும் பண்ணைப் பசுமைக் கடைகளிலும் அரசு கிலோ 60 ரூபாய்க்குக் கொடுத்தபோது, கட்டைப்பையோடு வரிசையில் நின்றவர்களில் நானும் ஒருத்தி. அந்த மாதமே எங்கள் தெருவில் நான்கு வீட்டு மாடிகளில் புதிதாகச் செடி வளர்க்கும் பைகள் ஏறின. பொங்கல் வருவதற்குள் மூன்று மாடிகளில் வெறும் மண்தான் மிச்சம். தண்ணீர் ஊற்றாமல் யாரும் விடவில்லை; சொல்லப்போனால் ஊற்றியதுதான் அதிகம். இலை வாடினால் தண்ணீர், மஞ்சளானால் உரம், சுருண்டால் வேப்பெண்ணெய் என்று கண்ணில் பட்டதற்கெல்லாம் ஒரு மருந்து போட்டார்கள். என்ன ஆயிற்று என்று குனிந்து பார்க்க மறந்துவிட்டார்கள். முதல் வருடம் நானும் அப்படித்தான் இருந்தேன்.

உங்கள் செடியில் தெரியும் அறிகுறியைத் தேடி அந்தப் பகுதியை மட்டும் படித்தால் போதும். ஆனால் எதைச் செய்வதற்கு முன்பும் மூன்று காரியம் செய்யுங்கள். விரலை இரண்டாம் கணு வரை மண்ணில் விட்டு ஈரம் பாருங்கள். கெட்டுப்போன இலையைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். அந்தப் பைக்கு எத்தனை மணி நேரம் நேர் வெயில் விழுகிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கவனியுங்கள். காய்க்கும் செடிக்கு ஆறு மணி நேர வெயிலாவது வேண்டும். நான்கு மணி நேரம்தான் என்றால் அந்த இடத்தைக் கீரைக்குக் கொடுத்துவிடலாம். தண்ணீர்த் தொட்டியின் நிழல் ஆடியில் விழும் இடம் வேறு, மார்கழியில் விழும் இடம் வேறு.

விதை முளைக்கவில்லை, அல்லது முளைத்ததும் சாய்கிறது

கீரை விதை தூவிப் பத்து நாளாகியும் ஒன்றும் தெரியவில்லை என்றால் முதலில் எறும்பைச் சந்தேகப்படுங்கள். விதையை மணலோடு கலந்து தூவி, தட்டைச் சுற்றிக் கொஞ்சம் அரிசி நொய் போட்டுவிட்டால் எறும்பு நொய்யைத் தூக்கிக்கொண்டு போய்விடும். கிராமத்தில் நாற்றங்காலுக்குச் செய்வதுதான்.

முளைத்த நாற்று, மண்ணை ஒட்டிய இடத்தில் நூல் போல இளைத்துச் சாய்ந்தால் அது நாற்றழுகல். மண்ணில் இருக்கும் பூஞ்சை காரணம். அதற்கு இடம் கொடுப்பது நெருக்கமும் ஈரமும். சாய்ந்ததைக் காப்பாற்ற முடியாது. மீதியைக் கலைத்து நெருக்கத்தைக் குறைத்து, காலையில் மட்டும் தண்ணீர் தெளியுங்கள். அடுத்த முறை விதைக்கும்போது டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சைத் தூளைக் கலந்துகொள்ளுங்கள். ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் என்பது கணக்கு, நம் வீட்டு விதைக்கு ஒரு சிட்டிகை தாராளம்.

இன்னொரு வகை உண்டு. நாற்று சாகவும் இல்லை, வளரவும் இல்லை, இரண்டு இலையோடு ஒரு மாதம் அப்படியே நிற்கிறது. அநேகமாகக் கோகோபீட்டை, அதாவது தேங்காய் நார்த்தூளைக் கழுவாமல் போட்டிருப்பீர்கள். கட்டியில் உப்பு இருக்கும். ஊறவைத்தால் தண்ணீர் கஷாய நிறத்தில் இறங்கும். அதைக் கொட்டிவிட்டு, வெளிறும் வரை இரண்டு மூன்று முறை அலசிப் பிழிய வேண்டும். வெறும் கோகோபீட்டில் சத்தும் கிடையாது. செம்மண், கோகோபீட், நன்றாக மக்கிய தொழு உரம் மூன்றும் சம அளவு என்பதுதான் நான் நம்பும் கலவை.

செடி வாடுகிறது

நண்பகலில் வாடி, மாலை ஐந்து மணிக்குத் தானாக நிமிர்ந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம். சுரையும் பூசணியும் சித்திரை வெயிலில் அப்படித்தான் தொங்கும். மாலையிலும் தொங்கிக்கொண்டிருந்தால் விரலை மண்ணில் விடுங்கள். காய்ந்திருந்தால் தாகம். சொதசொதவென்று இருந்தால் வேர் மூச்சுத் திணறுகிறது. இரண்டிலும் இலை ஒரே மாதிரிதான் தொங்கும். ஈரத்தில் நிற்கும் செடிக்கு மேலும் தண்ணீர் ஊற்றிக் கொல்வதுதான் மாடியில் நான் அதிகம் பார்த்த சாவு.

பையைச் சற்றுச் சாய்த்து அடித்துளைகளைப் பாருங்கள். அடைத்திருந்தால் கம்பியால் குத்திவிடுங்கள். பை நேராகத் தளத்தில் உட்கார்ந்திருந்தால் செங்கல் மேல் ஏற்றுங்கள், தண்ணீரும் வடியும், தளத்தில் ஓதமும் இறங்காது. இரண்டு நாள் தண்ணீர் நிறுத்தியும் நிமிராவிட்டால் செடியைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். பழுப்பாகி, தொட்டால் தோல் உரிந்து வந்தால் வேரழுகல். அந்த மண்ணை வெயிலில் பரப்பி இரண்டு வாரம் காயவிட்டு, டிரைக்கோடெர்மா கலந்த தொழு உரம் சேர்த்த பிறகுதான் மறுபடி பயன்படுத்த வேண்டும்.

இலை மஞ்சள்

எந்த இலை என்று கேளுங்கள். அடி இலைகள் முழுசாக மஞ்சளாகி, மேலே பச்சையாக இருந்தால் தழைச்சத்து போதவில்லை. ஊறவைத்து வடித்த கடலைப் பிண்ணாக்குக் கரைசலைப் பத்து மடங்கு தண்ணீர் விட்டு வேரில் ஊற்றினால் ஒரு வாரத்தில் நிறம் திரும்பும்.

நுனி இலை வெளிறி, நரம்பு மட்டும் பச்சைக் கோடாகத் தெரிந்தால் இரும்புச்சத்துக் குறை. போர் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளில் இது சகஜம். மண்ணின் மேலே வெள்ளையாகப் பூத்திருக்கிறதா பாருங்கள். இருந்தால் நீங்கள் இரும்பை எவ்வளவு போட்டாலும் வேர் எடுக்காது. முதலில் நல்ல தண்ணீரை அடி வழியே ஓடும் அளவுக்கு இரண்டு மூன்று முறை ஊற்றி உப்பை வெளியேற்ற வேண்டும். பிறகு லிட்டருக்கு 5 கிராம் இரும்பு சல்பேட், கூடக் கொஞ்சம் எலுமிச்சைச் சாறு, மாலையில் இலை மேல் தெளிக்கலாம். ஆர்ஓ இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரை வீணாக்க மனம் வராமல் செடிக்கு ஊற்றுகிறவர்கள் பலர். அதில்தான் உப்பு செறிந்திருக்கிறது. பாத்ரூம் கழுவப் பயன்படுத்துங்கள். மாடியில் விழும் மழைநீரை ஒரு டிரம்மில் பிடித்து வைத்தால் இந்தத் தொல்லையில் பாதி தீரும்.

செடி தளதளவென்று இருக்கிறது, பூ வரவில்லை

வெயில் போதவில்லை, அல்லது தழைச்சத்து மிஞ்சிவிட்டது. சாணம், பிண்ணாக்கு எல்லாவற்றையும் ஒரு மாதம் நிறுத்துங்கள். அடுப்புச் சாம்பல் ஒரு கைப்பிடி தூவுங்கள். உப்புத் தண்ணீர் வீடுகளில் சாம்பலும் வேண்டாம்.

பூ பூக்கிறது, உதிர்கிறது

தக்காளியில் இது அதிகம், இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

தக்காளிப் பூ காயாக மாற இரவு குளிர வேண்டும். இரவு வெப்பம் 21, 22 டிகிரியைச் சுற்றி இருந்தால் பிஞ்சு நன்றாகப் பிடிக்கும். பகல் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தமே மலடாகிப் பூ காம்போடு உதிர்ந்துவிடும். சென்னையில் மே மாதம் நள்ளிரவில்கூட 27, 28 டிகிரி இருக்கிறது. அந்த மாதம் உங்கள் தக்காளி உதிர்வதில் உங்கள் பிழை எதுவும் இல்லை. கோயம்பேட்டுக்குத் தக்காளி அனுப்பும் கோலார், மதனப்பள்ளிப் பக்கத்து வயல்களிலும் கோடை கடுமையாகும் வருடங்களில் காய்ப்பு குறையும். பூத்து ஒன்றரை மாதம் கழித்துப் பறிக்கும் காய் என்பதால், அந்தக் குறை சந்தையில் ஆனி, ஆடியில் விலையாகத் தெரியும். நாம் ஆடியில் விலையைப் பார்த்து அதிர்ந்து நாற்று வாங்குகிறோம். அது ஐப்பசி அடைமழையில் நனைந்து கருகிப்போகிறது. 2021 நவம்பர் மழையிலும் தக்காளி நூறைத் தாண்டியது நினைவிருக்கும்.

ஆகவே சென்னை போன்ற கடலோர ஊர்களில் மாடித் தக்காளிக்குப் புரட்டாசியில் விதையுங்கள். ஐப்பசி மழை முழுக்க நாற்றும் இளஞ்செடியும் மழை நேராக அடிக்காத இடத்தில் இருக்கட்டும். கார்த்திகை, மார்கழியில் பூக்கும், தையில் பழுக்கும். பிகேஎம் 1 போன்ற ரகம் போதும். இலைச்சுருட்டை நச்சு வந்து போன மாடி என்றால் அர்கா ரக்ஷக் நாற்று தேடுங்கள், அதற்கு எதிர்ப்புச் சக்தி உண்டு. காலை பத்து மணிக்குப் பூங்கொத்தின் காம்பை விரலால் லேசாகச் சுண்டிவிடுங்கள். தன் மகரந்தமே தன்மேல் விழுந்தால் போதும் அதற்கு.

தேங்காய்ப்பாலும் புளித்த மோரும் சேர்த்து ஒரு வாரம் ஊறவைத்த தேமோர் கரைசலைப் பத்து மடங்கு தண்ணீரில் தெளித்தால் பூ நிற்கும் என்பார்கள். கத்தரி, மிளகாய், அவரையில் எனக்குப் பலன் தந்திருக்கிறது. வெயிலால் உதிரும் தக்காளிக்கு அது உதவவில்லை. கோடையில் தக்காளியை விட்டுவிட்டு அந்தப் பையில் புளிச்சகீரை விதைத்தேன். வெயிலுக்கு அஞ்சாது, குழம்புக்குப் புளிப்பும் கொடுக்கும்.

கொடியில் பூ ஏராளம், பிஞ்சு வெம்பி விழுகிறது

முதல் இரண்டு வாரம் வரும் பூக்கள் எல்லாம் ஆண்பூக்களாக இருக்கும். கவலை வேண்டாம். பெண்பூவுக்கு அடையாளம், இதழுக்குக் கீழே விரல்நகம் அளவில் ஒரு குட்டிக் காய். குட்டிப் பாகற்காய்க்கு அப்போதே முள் இருக்கும், குட்டிப் புடலைக்கு அப்போதே கோடு இருக்கும். அந்தப் பிஞ்சு மஞ்சளாகி நுனியிலிருந்து சுருங்கினால் மகரந்தம் சேரவில்லை என்று பொருள். மூன்றாம் மாடிக்குத் தேனீ வராத தெருக்கள் நிறைய இருக்கின்றன.

நீங்களே சேர்த்துவிடலாம். ஆண்பூ ஒன்றைப் பறித்து இதழ்களை உரித்தால் நடுவில் மஞ்சள் பொடி பூசிய காம்பு நிற்கும். அதைப் பெண்பூவின் நடுவில் இரண்டு சுற்று மெதுவாகத் தடவுங்கள். விரலில் பொடி ஒட்டினால் மகரந்தம் பக்குவம். எப்போது செய்கிறீர்கள் என்பது முக்கியம். பூசணி, வெள்ளரி, பாகல் காலையில் மலரும், எட்டு மணிக்குள் முடியுங்கள். சுரை, பீர்க்கு, புடல் மாலையில் மலரும், விளக்கு வைக்கும் நேரத்தில் மாடிக்குப் போக வேண்டும். பீர்க்கைக்குக் காலையில் போய் நின்றுவிட்டு, சேர்த்தும் பிடிக்கவில்லை என்று எதிர்வீட்டு அக்கா ஒரு மாதம் வருத்தப்பட்டார்.

பிஞ்சு பிடித்து வளர்ந்து, பிறகு ஒரு பக்கம் கோணி அழுகினால் பழ ஈ. அறுத்துப் பார்த்தால் வெள்ளைப் புழு நெளியும். பிஞ்சு பிடித்த மூன்றாம் நாளே செய்தித்தாள் உறையால் மூடிக் கட்டுவதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. அழுகிய காயை மண்ணில் போட்டுவிடாதீர்கள். புழு மண்ணுக்குள்தான் கூட்டுப்புழுவாகும்.

மிளகாய் இலை சுருள்கிறது

பலர் இதை ஒரே நோய் என்று நினைத்து ஒரே மருந்தை அடிக்கிறார்கள். சுருளும் திசையைப் பாருங்கள்.

இலையின் ஓரங்கள் மேல்நோக்கி மடிந்து படகு போல ஆனால் இலைப்பேன். ஒரு வெள்ளைத் தாளைக் கீழே பிடித்து நுனிக் கொத்தை அதன்மேல் தட்டுங்கள். மஞ்சளாக, மயிர்த்துண்டு அளவில் ஏதாவது ஊர்ந்தால் அதுதான். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குக் காதி சோப்புக் கரைசல் கொஞ்சம், வெயில் இறங்கிய பின் இலையின் அடிப்பக்கம் நனையும்படி தெளியுங்கள். ஐந்து நாள் இடைவெளியில் மூன்று முறை. ஒருமுறை அடித்துவிட்டுப் பலன் இல்லை என்று நிறுத்தினால், முட்டையிலிருந்து அடுத்த கூட்டம் வந்துவிடும்.

ஓரங்கள் கீழ்நோக்கி மடிந்து, கவிழ்த்த கிண்ணம் போலாகி, இலைக்காம்பு மட்டும் எலிவால் போல நீண்டால் முரணைச் சிலந்தி என்ற மிக நுண்ணிய சிற்றுயிர். வெறும் கண்ணுக்குத் தெரியாது. இதற்கு நனையும் கந்தகம் கேட்கும். பாக்கெட்டில் போட்ட அளவுக்கு மேல் வேண்டாம். வேப்பெண்ணெய் அடித்து இரண்டு வாரத்துக்குள் கந்தகம் அடித்தால் இலை கருகும், உச்சி வெயிலில் அடித்தாலும் கருகும்.

மூன்றாவது, இலைகள் சிறுத்து, சுருக்கம் விழுந்து, நரம்புகளுக்கு இடையே மஞ்சள் ஓடி, செடியே குட்டையாகிவிட்டால் வெள்ளை ஈ பரப்பும் நச்சுயிரி. மனதைத் திடப்படுத்திக்கொண்டு பிடுங்கிவிடுங்கள். காப்பாற்றலாம் என்று வைத்திருந்த ஒரு செடியால் எனக்கு ஏழு செடி போனது.

வெண்டையும் கத்தரியும்

வெண்டை இலையில் நரம்பெல்லாம் மஞ்சளாகி வலை பின்னியது போலத் தெரிந்தால் மஞ்சள் நரம்புத் தேமல். இதையும் வெள்ளை ஈதான் கொண்டுவருகிறது, இதற்கும் மருந்து இல்லை. செடியை அகற்றிவிட்டு, மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவிச் செடி உயரத்தில் தொங்கவிடுங்கள்.

கத்தரியில் செடி முழுக்க நன்றாக இருந்து, ஒரே ஒரு நுனி மட்டும் தலை கவிழ்ந்து தொங்கினால் தண்ணீர்ப் பிரச்சினை இல்லை. அந்த நுனிக்கு இரண்டு அங்குலம் கீழே பிளேடால் பிளந்து பாருங்கள். தண்டு குடைந்திருக்கும், ஈரமான எச்சத்துக்கு நடுவே இளஞ்சிவப்பாக ஒரு புழு இருக்கும். தண்டு காய்ப்புழு. குடைந்த இடத்துக்குக் கீழே நறுக்கி, நறுக்கியதைச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள், உரத் தொட்டியில் வேண்டாம். வாரம் இரண்டு நாள் இப்படி நுனி பார்த்து நறுக்கினாலே காயில் ஓட்டை பாதியாகக் குறையும். ஆண் அந்துப்பூச்சியை வாசனையால் இழுத்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி ஒன்று தொங்கவிட்டால் தாய் அந்துப்பூச்சி ஆண்துணை இல்லாமல் போகும்.

வெள்ளைப் பஞ்சு, பின்னாலேயே எறும்பு

மாவுப்பூச்சி. அது கசியும் இனிப்பு நீருக்காக எறும்பே அதைச் செடி செடியாகக் கொண்டு சேர்க்கும், எதிரிகளையும் விரட்டும். எறும்பு ஏறும் வழியை முதலில் அடையுங்கள். கம்பியிலும் பந்தல் கயிற்றிலும் கொஞ்சம் கிரீஸ் தடவிய துணி சுற்றினால் போதும். பிறகு பழைய பல்துலக்கியால் சோப்புத் தண்ணீர் தொட்டுத் தேய்த்து எடுத்து, குழாயால் பீய்ச்சிக் கழுவுங்கள்.

கடும் விஷம் எதையும் மாடிக்கு ஏற்ற வேண்டாம் என்று இங்கே சொல்லத் தோன்றுகிறது. 2008-ல் கோவைப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி வந்து பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று அழித்தது. பூச்சிக்கொல்லிகளால் அடங்கவில்லை. 2010-ல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்துப் பெருக்கிவிட்ட கடுகளவுக் குளவிகள்தான் அதை அடக்கின. உங்கள் மாடியிலும் பொறிவண்டும் குளவியும் வரும், நாம் கொல்லாமல் இருந்தால்.

தக்காளியின் அடியில் கறுப்பு வட்டம்

பூச்சியும் இல்லை, பூஞ்சையும் இல்லை. சுண்ணாம்புச்சத்து காய்க்குப் போய்ச் சேரவில்லை. அது தண்ணீரோடுதான் ஏறும். இரண்டு நாள் காயவிட்டு மூன்றாம் நாள் குடம் குடமாக ஊற்றினால் ஏறாது. உலர்ந்த இலையால் மண்ணை மூடி, தினம் ஒரே அளவு ஊற்றுங்கள். முட்டை ஓட்டுத் தூள் நல்லதுதான், ஆனால் கரைய மாதங்கள் ஆகும். அடுத்த பட்டத்துக்காக மண் கலக்கும்போதே போடுங்கள்.

உரத் தொட்டி நாறுகிறது

ஈரம் அதிகம். காய்கறிக் கழிவு ஒரு பங்குக்குக் காய்ந்த சருகோ கோகோபீட்டோ இரண்டு பங்கு போட்டுக் கிளறுங்கள். எறும்பு மொய்த்தால் எதிர்ப்பக்கம், காய்ந்துவிட்டது. தடித்த பழுப்புப் புழுக்கள் நெளிந்தால் அருவருப்பாக இருக்கும், ஆனால் கெடுதல் இல்லை, கழிவைத் தின்று மக்க வைக்கும் ஈயின் புழுக்கள்தான்.

எல்லாம் விளைகிறது, காய்கறிச் செலவு குறையவில்லை

இதையும் ஒரு நோயாகவே எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் விலைவாசியால்தான் பலரும் மாடிக்கு வந்தோம். ஒரு நோட்டில் மூன்று மாதம் எழுதிப் பாருங்கள்: பைக்கும் நாற்றுக்கும் உரத்துக்கும் கொடுத்தது ஒரு பக்கம், பறித்தது ஒரு பக்கம். கேரட், முட்டைகோஸ், வெங்காயம் மாடியில் கட்டுப்படியாகவில்லை. மாதக்கணக்கில் பையை அடைத்துக்கொண்டு ஒரே ஒரு முறை தருபவை அவை. என் நோட்டில் பலன் காட்டியவை ஒருமுறை வைத்தால் வருடக்கணக்கில் பறிப்பவை: கறிவேப்பிலை, டிரம்மில் வைத்து உயரம் நறுக்கி இலைக்காக வளர்க்கும் முருங்கை, பசலைக்கொடி, கடையில் வாங்கிய கட்டிலிருந்து தண்டை நட்டு வந்த புதினா. நான்கு பேர் வீட்டுக்கு நான்கு மிளகாய்ச் செடி நன்றாக இருந்தால் பச்சை மிளகாய் வாங்கும் தேவை அபூர்வம்.

தொடங்குகிறவர்கள் பத்து பைக்கு மேல் போக வேண்டாம். தோட்டக்கலைத் துறை மானிய விலையில் மாடித்தோட்டத் தொகுப்பு வழங்கும் சமயங்களில் பை, கோகோபீட், விதை, உயிர் உரம் சேர்ந்தே கிடைக்கும். வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் விசாரியுங்கள். பழைய பெயின்ட் வாளி, அரிசிச் சாக்கு எதுவும் பைதான்.

தக்காளிக்கு மட்டும் ஒரு தனி ஏற்பாடு. மாசி, பங்குனியில் சந்தையிலும் மாடியிலும் தக்காளி மலியும்போது வில்லைகளாக நறுக்கி, உப்பு தடவி, மூன்று நான்கு நாள் மொட்டை மாடி வெயிலில் காயவைத்துக் கண்ணாடிச் சீசாவில் அடைத்து வைக்கிறேன். ஆனியில் விலை ஏறும்போது சாம்பாருக்கு ஐந்தாறு வில்லை ஊறவைத்தால் போதும்.

கீரைக்கு மூன்று தட்டுகள் வையுங்கள். இன்று ஒன்றில் முளைக்கீரை விதைத்தால் பத்து நாள் கழித்து இரண்டாவது, இன்னும் பத்து நாள் கழித்து மூன்றாவது. மூன்றாவதை விதைத்த சில நாளில் முதல் தட்டு வேரோடு பிடுங்கும் பதத்துக்கு வந்திருக்கும். அதைப் பறித்த கையோடு மண்ணைக் கிளறி, இரண்டு கைப்பிடி மக்கிய உரம் போட்டு மறுபடி விதையுங்கள்.